கல்லோட ஒரு நாள்!

தொல்லியல் படிக்கிறவங்கன்னா ‘இண்டியானா ஜோன்ஸ்’ மாதிரி சாட்டையைச் சுழற்றிப் புதையல் தேடுவாங்கன்னு நினைச்சீங்களா? சாரி ஃப்ரெண்ட்ஸ், கையில இருக்கிறது பிரஷ்ஷும் வாளியும்தான்! 1981-ல் தொடங்கிய தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அகழாய்வு தனிக் கதை. நாம கல்வெட்டுக்குப் ‘படி எடுக்கும்’ ஒரு நாளைப் பார்ப்போமா?

காலை: வயல்களுக்கு நடுவே ஒரு கிராமத்துச் சிவன் கோயில். முதல்ல சுவரைத் தேய்த்துக் கழுவணும். நனைத்த தாளை எழுத்து மேல ஒட்டி, பிரஷ்ஷால தட்டோ தட்டுன்னு தட்டணும். தாள் பள்ளத்துக்குள் இறங்கியதும் மையை ஒற்றினால், கறுப்புத் தாளில் எழுத்து மட்டும் வெள்ளையாகப் பளிச்!

மதியம்: இப்போதான் மண்டை காயும். சோழர் காலக் கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. அது ‘க’வா, ‘க்’கா? முழு வரியையும் படிச்சுத்தான் முடிவு பண்ணணும்.

மாலை: பெரிய கோயில். ராஜராஜன் குடியமர்த்திய 400 ஆடல் பெண்களின் பட்டியல் இங்கே கல்லில் இருக்கு. பெயர், தெரு, எத்தனையாவது வீடு... எல்லாம் பக்கா! சம்பளம்? ஆளுக்கு வருஷம் 100 கலம் நெல்!

ஆயிரம் வருஷம் தாங்கிய எழுத்து, திருப்பணியில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் பண்ணினால் மழுங்கிப் போச்சு. அப்புறம் மிஞ்சுவது எப்பவோ எடுத்து வெச்ச படிதான். பேக்கப்போட அருமை நமக்குத் தெரியாதா என்ன? உங்க ஊர்க் கோயில் சுவரில் எழுத்து இருந்தா, திருப்பணி தொடங்குறதுக்கு முன்னாடியே ஒரு வார்த்தை கேளுங்க பாஸ்: “இதுக்குப் படி எடுத்தாச்சா?”