பருத்த கால்களெல்லாம் யானைக்கால் அல்ல

சிம்மக்கல் வட்டாரக் கடைகளில் நாள் முழுதும் நின்று வேலை பார்க்கும் பெண் ஒருவருக்குக் கால்கள் பருத்துவிட்டால், ஊர் உடனே தீர்ப்பு எழுதிவிடும்: யானைக்கால் நோய், இல்லையேல், வாயைக் கட்டாததால் வந்த பருமன். 1940-இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஆலன், ஹைன்ஸ் இருவரும் பெயரிட்டு விவரித்த லிப்பிடீமா என்ற மூன்றாவது சாத்தியம், மருத்துவர்களுக்கே பல வேளைகளில் நினைவுக்கு வருவதில்லை.

பெரும்பாலும் பெண்களையே பற்றும் இந்நோய் பூப்பு, மகப்பேறு, மாதவிடாய் நிற்றல் ஆகிய பருவங்களில் தலைகாட்டுகிறது. இடுப்புக்குக் கீழே இரு கால்களிலும் ஒன்றுபோலக் கொழுப்பு சேரும். அது கொலுசு அணியும் இடத்தோடு நின்றுவிடும். பாதம் மெலிந்தே இருக்கும். யானைக்காலிலோ பாதமும் வீங்கும். பெரும்பாலும் ஒரு கால் மற்றதைவிடப் பெருத்திருக்கும். லிப்பிடீமா கால்களை அழுத்தினால் வலிக்கும், லேசாக இடித்தாலும் கன்றிப்போகும். உணவைக் குறைத்தால் முகமும் வயிறும் மெலியும். கால்கள் அவ்வளவாக அசைந்து கொடுப்பதில்லை. பட்டினி கிடப்பவளையே ‘ஒளித்துத் தின்கிறாள்’ என்று பழிப்பது இதனால்தான்.

அறுவை சிகிச்சை என்பது அந்தக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது. மரத்துப்போகும் மருந்தும் ரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்தும் கலந்த உப்புநீரைத் தோலுக்கடியில் நிரப்பி, நிணநீர் நாளங்கள் சிதையாதவாறு மெல்லிய குழாய்களால் எடுக்கிறார்கள். தொடைக்கு ஒரு முறை, கெண்டைக்காலுக்கு ஒரு முறை எனப் பல அமர்வுகள் தேவைப்படும். ஒரே அமர்வில் 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் ஆபத்து கூடும். இரவு மருத்துவமனையில் தங்கவைத்துக் கண்காணிக்க வேண்டும். ‘ஒரே நாளில் முடித்துத் தருகிறோம்’ என்பவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

வலியும் கால்களின் பாரமும் குறையும், நடை இலகுவாகும். எடை வெகுவாகக் குறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நோய் வேரோடு போய்விடும் என்றும் சொல்ல முடியாது. வீக்கம் முழுதாக வடிய மாதங்கள் ஆகும். ரத்தக்கட்டு, தொற்று, தோலில் மேடுபள்ளம் ஆகியவை நேரக்கூடும். அழுத்தக் காலுறையை வாரக்கணக்கில் இரவும் பகலும் அணிய வேண்டும். மதுரையின் சித்திரை வெயிலில் அது தண்டனை. மார்கழி, தை மாதங்களுக்குத் தேதி குறிப்பது புத்திசாலித்தனம்.

செலவுதான் பெருஞ்சிக்கல். ஜெர்மனியில் முற்றிய நிலை நோயாளிகளுக்கு 2020 முதலே பொதுக் காப்பீடு இச்செலவை ஏற்கிறது. 2025-இல் அனைத்து நிலைகளுக்கும் அதை விரிவாக்க முடிவெடுத்தார்கள். நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகள் அழகுக்கான அறுவை சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்குவதற்கான மருத்துவத் தேவை என்று மருத்துவர் சான்றளித்தால் அவ்விலக்கு பொருந்தாது. ஆகவே வலி, நடக்க முடியாமை, இதுவரை பலன் தராத சிகிச்சைகள் ஆகியவற்றை நோயின் பெயரோடு எழுத்தில் வாங்கிக்கொண்டு, அறுவைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்புதல் கேட்க வேண்டும்.