நம் குளத்து மீன்கள் நம் இல்லத்தில்

வண்ணமீன் விற்கும் கடையொன்றுக்குள் நுழைந்து பாருங்கள். தங்கமீன் சீனத்துக் கெண்டையின் வழித்தோன்றல். ஏஞ்சல் மீன் அமேசான் ஆற்றுக்குரியது. ஃபைட்டர் மீனின் தாயகம் தாய்லாந்து. வரிசை வரிசையாய் அடுக்கப்பட்ட அந்தக் கண்ணாடித் தொட்டிகளில் நம் ஊர் வாய்க்காலில் பிறந்த மீனைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. அமேசான் மீன்களின் பெயர்களைக் கடகடவென ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு, தம் பாட்டனார் நீந்தி விளையாடிய குளத்தில் என்ன மீன் இருந்தது என்று தெரிவதில்லை.

பழைய பள்ளிவாசல்களில் ஒளு செய்ய ஹவுளின் ஓரம் அமர்ந்தவர்கள், நீருக்குள் மீன்கள் திரிவதைக் கண்டிருப்பார்கள். அழகுக்காக மட்டும் அவை விடப்படவில்லை. தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும் சிறு மீன் ஒன்று நம் கிணறுகளிலும் வயல்களிலும் உண்டு. கொசுப் புழுக்களை விரும்பித் தின்னும் இயல்புடையது. இத்தகைய நம் நாட்டு மீன்களை வீட்டுத் தொட்டியில் வளர்க்க முடியுமா? முடியும். ஆனால் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும். பொறுமை அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உடைய தொட்டி ஏறத்தாழ 255 லிட்டர் நீர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே 255 கிலோ. கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே பழைய மேசையின்மீது தூக்கி வைக்கும் பொருளல்ல இது. சமதளத்தில் உறுதியான இரும்புத் தாங்கி வேண்டும். சன்னல் வெயில் நேரே விழும் இடம் ஆகாது. சிறு தொட்டிதானே எளிது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. சிறு தொட்டியில் நீர் விரைவில் சூடேறும், விரைவில் கெடும். தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ளப் போதிய அவகாசம் தராது.

நீர் என்றால் குழாயைத் திறந்து நிரப்புவது மட்டுமன்று. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா தோன்றுகிறது; அது மீனுக்கு நஞ்சு. மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறு சில நுண்ணுயிர்கள் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்தக் கண்ணுக்குத் தெரியாக் குடித்தனம் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே இருபது மீன்களை விட்டு, வாரம் முடிவதற்குள் ஒவ்வொன்றாய் மிதக்கக் கண்டு "நமக்கு ராசியில்லை" என்று சலித்துக்கொள்வோர் பலர். ராசியின் பிழையன்று; அவசரத்தின் பிழை. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றினால் போதும். குளோரின் கலந்த குழாய்நீரை ஒருநாள் வாய் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்துப் பின்னர் ஊற்ற வேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவுவது, அந்த நுண்ணுயிர்களை நம் கையாலேயே கொல்வதாகும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசினால் போதுமானது.

இனி மீன்கள். கோடையில் குளம் வற்றி, ஆங்காங்கே குட்டைகளாய்த் தேங்கும் வேளையே ஏற்றது. அந்தக் குட்டை மீன்கள் கொக்குக்கோ வெயிலுக்கோ இரையாகப் போகின்றவை. சிலவற்றை எடுப்பதால் குளத்துக்கு இழப்பு இல்லை. குளம் குத்தகையில் இருப்பின் குத்தகைதாரரிடம் கேட்டே இறங்க வேண்டும். கொசுவலைத் துணியில் தைத்த கைவலை போதும்.

அயிரையை நாம் குழம்பில்தான் அறிவோம். தொட்டியின் நுண்மணலில் புதைந்து கண்களை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அது கிடக்கும் அழகைக் கண்டவர் சிறிது காலமேனும் குழம்பை மறப்பர். சிறுகெண்டைகளை எட்டுப் பத்தாகச் சேர்த்து விட வேண்டும். தனித்து விட்டால் அஞ்சி ஒடுங்கும்.

வயல் வாய்க்காலிலும் பாசி படர்ந்த பள்ளத்திலும் சிறிய பழுப்பு மீன் ஒன்று வாழ்கிறது. புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்ததைக் கொண்டு பிரெஞ்சு அறிஞர் குவியே 1831-இல் அதனை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் அறிவியற் பெயரில் வரும் "குப்பானுஸ்" என்ற சொல்லில் நம் அரியாங்குப்பத்தின் ஒலி இன்றும் தங்கியுள்ளது. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாய் அமைந்த உறுப்பினால் அது காற்றையே சுவாசிக்க வல்லது. அதனாலன்றோ சேற்றுநீரிலும் பிழைக்கிறது! ஆண்மீன் வாயால் குமிழிகளை ஊதிக் கூடு கட்டி, முட்டைகளை அதில் சேர்த்துக் காவல் நிற்கும். தொட்டியில் ஒரு மூலையில் வேலம்பாசியும் அமைதியும் இருந்தால் இக்காட்சி நம் கூடத்திலேயே அரங்கேறும்.

காயல்களிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் மட்டுமின்றி நன்னீரிலும் வாழும் மஞ்சள் நிறச் சிறுமீன் இன்னும் வியப்பானது. ஆணும் பெண்ணுமாய் முட்டைகளைக் காக்கும். பொரிந்த குஞ்சுகள் பெற்றோரின் உடலை மொய்த்து, தோலில் ஊறும் வழுவழுப்பையே உணவாகக் கொள்ளும். குஞ்சு பொரித்த இணை, அயலாரைத் தொட்டியின் மறுகோடிக்குத் துரத்தும். மறுகோடி என்று ஒன்று இருக்க வேண்டுமல்லவா? பெரிய தொட்டி கேட்பது இதற்காகவும்தான்.

புதிதாகக் கொணர்ந்த மீனை இரண்டு மூன்று வாரம் வேறு பாத்திரத்தில் வைத்து, நோய் இல்லையெனத் தெளிந்த பின்னரே தொட்டியில் சேர்க்க வேண்டும். காட்டு மீன் உலர்தீனியை முதலில் சீண்டாது. கொசுப் புழு, நறுக்கிய மண்புழு என்று தொடங்கிச் சிறுகச் சிறுகப் பழக்கலாம். தொட்டிக்கு மூடி கட்டாயம். நம் மீன்கள் துள்ளும் வகையின.

எதையும் பிடிக்கலாம் என்பதில்லை. தாமிரபரணிக்கு மட்டுமே உரிய கெண்டையினம் ஒன்று அழிவின் விளிம்பில் இருப்பதாகக் கணிக்கப்பட்டுள்ளது. மலையோடைகளையும் சரணாலயங்களையும் தொடாதிருப்பதே முறை. அங்கே அனுமதியின்றி வலை வீசுவது சட்டப்படி குற்றம். விரால் குஞ்சுகள் செந்நிறத்தில் கூட்டமாய்த் திரியும். பிள்ளைகள் ஆசைப்பட்டு அள்ளி வருவர். அடியில் காவல் நிற்கும் தாய் தந்தையிடமிருந்து அவற்றைப் பிரிக்க வேண்டாம். வளர்ந்தால் முழநீளம் தாண்டி, தொட்டியிலுள்ள அனைத்தையும் விழுங்கவும் செய்யும்.

வளர்க்க இயலாது போனால் என் செய்வது? "பாவம், உயிராயிற்றே" என்று ஏரியில் கொண்டுபோய் விடுகின்றனர். இரக்கம் போலத் தோன்றும் இச்செயலால் விளைந்த கேடு சிறிதன்று. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் தென்னமெரிக்கக் கெளுத்தி இன்று தமிழகத்து ஏரிகளில் பெருகி, மீனவர் வலைகளைத் தன் முள்ளால் கிழிக்கிறது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா நம் குளங்களில் குடியுரிமையே பெற்றுவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000-ஆம் ஆண்டில் அரசு தடை செய்தும் அது ஒழிந்தபாடில்லை. நம் நாட்டு மீனாயினும், கடை மீன்களோடு பழகிய பின் குளத்தில் விட்டால் தொட்டி நோயையும் உடன் கொண்டு செல்லக்கூடும். மீன் வளர்க்கும் வேறொரு வீட்டாரிடமோ கடைக்காரரிடமோ கொடுத்துவிடலாம். தப்பித் தவறி வந்து வளர்ந்துவிட்ட விராலுக்கு என்ன வழி என்பதை அடுக்களையில் கேட்டுக்கொள்ளுங்கள்.