கல்வியும் மதகும்

அமராவதியின் மதகு திறந்தால் கொமரலிங்கத்து வயல்கள் செழிக்கும், அடைபட்டால் வாடும். மாணாக்கர் பிறதேசஞ் சென்று கற்பதும் அரசியலென்னும் மதகைப் பொறுத்ததேயாம். இதற்கு யாழ்ப்பாணமே சான்று.

வட்டுக்கோட்டைச் செமினரி 1855-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 1857-இல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியது. அதன் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியிற் கற்றவர்களே. இரு கரையும் ஆங்கிலேயர் வசமிருந்தமையாற் கடல் தடையாகவில்லை.

1971-இல் இலங்கையில் தரப்படுத்தல் முறை வந்தது. வைத்தியக் கல்விக்குச் சிங்களவர்க்கு 229 புள்ளி போதுமாயிருக்க, தமிழர் 250 பெறவேண்டியதாயிற்று. வாயில் குறுகவே, பலர் அயல்நாடுகளை நாடினர். 1983-க்குப் பின் ஈண்டு அகதிகளாய் வந்த மாணாக்கர்க்கும் கல்லூரி வாயில் 1991-இல் அடைபட்டு, 1996-இல் மீண்டும் திறந்தது.

ஆதலின், பிறதேசத்து மாணாக்கனொருவன் நம்மருகில் அமருங்கால், அவனுக்கு எம்மதகு அடைபட்டதென வினவியறிதல் நம் கடனாம்.