பெயர்களை எண்ணிய பேராசிரியர்

புளோக்கில் சீனர் விகிதம் 87 விழுக்காட்டை எட்டிவிட்டால், அங்குள்ள இந்தியர் தம் வீவக வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. 1989ல் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை அப்படி. இதனால் விலை மாறுமா? மக்கள் எத்தகைய அண்டைவீட்டாரை விரும்புகின்றனர்?

இவற்றை ஆராய்ந்த வார்ட்டன் பள்ளிப் பேராசிரியர் மெய்சி வோங், தொலைபேசிப் புத்தகத்திலிருந்த 500,000க்கும் மேற்பட்ட பெயர்களை இனவாரியாகப் பிரித்து, புளோக்குகளின் இன விகிதத்தைக் கணக்கிட்டார். பொருளியல் மாணவியான எனக்கு அந்த உழைப்பு மலைப்பூட்டியது. ‘மேரி’யை எந்த இனத்தில் சேர்ப்பது? பல இன வகுப்பறையில் படித்த நமக்கு அந்தச் சிக்கல் உடனே புரியும்.

வரம்புகள் விலையைப் பாதித்ததை அவரது 2014 ஆய்வு காட்டியது. எனக்குப் பிடித்தது 2013ல் வந்தது: எல்லா இனத்தவரும் தம்மவர் சிலர் அருகில் வசிப்பதை விரும்புகின்றனர், போதுமானோர் இருந்தால், அடுத்து வருபவர் வேற்றினத்தவராக இருப்பதையே விரும்புகின்றனர்.