அச்சில் கிடக்கும் மிச்ச நூல்

பெருநாள் தொழுகைக்குப் புதுச் சாரன் உடுத்திப் போகிறவர்களில் எத்தனை பேர் அதன் கட்டங்களை எண்ணிப் பார்த்திருப்பார்கள்? மருதமுனைக்காரர் பார்ப்பார். கல்முனைக்குச் சற்று வடக்கே, மட்டக்களப்பு வீதியோரம் இருக்கும் அந்த ஊரைக் கைத்தறியைச் சொல்லாமல் யாரும் அறிமுகப்படுத்துவதில்லை. வாங்குகிறவர் நிறத்தைப் பார்க்கிறார். நெய்தவர் இழைக் கணக்கைப் பார்க்கிறார்.

தறி எப்படி ஓடுகிறது என்று அந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடா போய்வரும் சத்தத்தைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள். ஆனால் வாப்பாவின் டிசைன் அந்தத் தறியில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பிள்ளைகளே கொஞ்சம் யோசிப்பார்கள். பலருடைய டிசைன் தாளில் ஏறியதே இல்லை.

பாதி டிசைன் பாவு ஓட்டும்போதே முடிந்துவிடுகிறது. சிவப்பு 4, கறுப்பு 2, வெள்ளை 24, மறுபடி கறுப்பு 2 என்று நீள நூல்கள் வரிசை பிடிக்கின்றன. அங்குலத்துக்கு 60 இழை, அகலம் 48 அங்குலம் என்றால் 2,880 இழைகள். ஒவ்வொன்றும் விழுதின் கண்ணுக்குள் நுழைந்து, பிறகு அச்சுப் பல்லின் இடுக்கில் புக வேண்டும். ஓர் இழை இடம் மாறினாலும் துணி முழுக்கக் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

நெசவாளிகள் இந்த வேலையை ஒவ்வொரு பாவுக்கும் முதலிலிருந்து செய்வதில்லை. அங்கேதான் இந்தத் தொழிலின் அழகான தந்திரம் இருக்கிறது. பழைய பாவு முடிந்து துணியை அறுக்கும்போது, விழுதிலும் அச்சிலும் கோர்த்த நூலின் வாலை அப்படியே விட்டுவிடுவார்கள். புதுப் பாவு வந்ததும் அதன் ஒவ்வோர் இழையையும் பழைய வாலோடு விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. பிறகு மெல்ல இழுத்தால் புதியது பழையதன் பின்னாலேயே கண் வழியாக வந்துவிடும். எருமைத் தயிருக்கு உறை ஊற்ற நேற்றைய சட்டியில் ஒரு கரண்டி மிச்சம் வைக்கும் உம்மாவைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

பிரான்சில் ஜக்கார் 1804ஆம் ஆண்டளவில் டிசைனை நினைவில் வைக்கத் துளையிட்ட அட்டைகளைத் தறியில் பூட்டினார்; கணினி வரலாறு எழுதுகிறவர்கள் அவரைத் தவறாமல் கொண்டாடுகிறார்கள். கட்டச் சாரனுக்கு அந்த அட்டை தேவையில்லை. அதன் நினைவு அந்த நூல் வாலில் இருக்கிறது. அதைக் கொண்டாட ஆளில்லை.

மீதிப் பாதி டிசைன் கையில் இருக்கிறது. கட்டம் சதுரமாக விழ வேண்டுமென்றால் குறுக்கு நூல் சரியான நெருக்கத்தில் அமர வேண்டும். அச்சை ஓங்கி அடித்தால் கட்டம் குறுகும், மெதுவாக அடித்தால் நீளும். நிறத்தையும் எண்ணிக்கையையும் அப்படியே எடுத்து நெய்தாலும், மகனுடைய சாரன் வாப்பாவுடையதைப் போல இல்லாமல் போவது இதனால்தான்.

இந்தக் கட்டங்கள் கடல் கடந்தும் போயிருக்கின்றன. மலாய்க்காரர்கள் கட்டச் சாரனை 'காயின் பெலிகாட்' என்கிறார்கள். அந்தப் பெயர் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டிலிருந்து வந்தது. ஊரின் பெயர் துணியோடு பயணம் செய்தது. நெய்தவரின் பெயர் தறிக்குழியைத் தாண்டவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று கடல் மருதமுனைக்குள் புகுந்தது. உயிர்களோடு தறிகளும் போயின. தறியைப் புதிதாகச் செய்து கொடுத்துவிடலாம். அதன் அச்சு வெறுமையாகத்தான் வரும். கடல் செய்ததையாவது மன்னிக்கலாம். வாப்பா மவுத்தானதும் தறியைப் பிரித்து மூலையில் சாய்த்து, நூல் வாலை வெட்டிக் குப்பையில் போடுவதை என்னவென்று சொல்வது? பிறகு அதே டிசைன் விசைத்தறித் துணியில் மலிவாக வரும்போது கோபப்பட்டுப் பயனில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் புதிய வடிவமைப்புக்கே பதிவு தருகிறது. ஆண்டாண்டாகக் கடையில் விற்ற வாப்பாவின் கட்டம் அதற்குள் அடங்காது.

பாதுகாக்கப் பெரிய செலவில்லை. தறியைப் பிரித்தாலும் விழுதையும் அச்சையும் நூலோடு சேர்த்துக் கட்டித் துணியில் சுற்றி வைக்கலாம். ஒரு கொப்பியில் நிற வரிசையையும், நூலின் இலக்கத்தையும், அங்குலத்துக்கு எத்தனை இழை என்பதையும் குறித்து, பக்கத்தில் ஒரு துண்டுத் துணியை ஒட்டலாம். குறுக்கு நூலையும் எண்ண வேண்டும். வாப்பாவின் கையடி அந்த எண்ணில்தான் கொஞ்சமாவது பிடிபடும்.

தறியே இல்லாத வீட்டில் வாப்பா உடுத்திய ஒரு பழைய சாரன் கிடக்கலாம். வெளுத்துப்போனது என்று தூக்கிப் போட வேண்டாம். இரு முனைகளையும் சேர்த்துத் தைத்த மூட்டைப் பிரித்து உள்மடிப்பைப் பார்க்கலாம். வெயில் படாத அந்த இடத்தில் சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கக்கூடும். ஒரு பூதக்கண்ணாடியும் ஊசியும் போதும், எண்ணத் தொடங்கலாம்.