கணக்குக் கேட்கும் உரிமை

சட்டசபை அங்கத்தினர்பால் ஜனங்களுக்கு நம்பிக்கை குன்றிவருகிறதென்பதை மறைப்பதில் பயனில்லை. 2017 பிப்ரவரி 18-ல் சென்னைச் சட்டசபையில் காகிதங்கள் கிழித்தெறியப்பட்ட காட்சியைத் தேசமே கண்டு தலைகுனிந்தது.

வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் பொறித்த சாசனங்கள் அங்கே உள்ளன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலைக்கு அருகரல்லர் என்பது அன்றைய விதி. பதவிக்காலமோ 360 நாளே. வேதம் கற்ற நிலவுடைமையாளருக்கே அச்சபையில் இடமிருந்தது பெருங்குறைதான். எனினும் கணக்கு விதியின் நியாயத்தை யார் மறுப்பர்?

இன்று அபேட்சகர் தம் சொத்துக்குக் கணக்குக் காட்டுகிறார். ஐந்தாண்டு ஊழியத்திற்குக் காட்டவேண்டியதில்லை. இடையில் அவரைத் திருப்பியழைக்கவும் வழியில்லை. 2013-ல் வந்த ‘நோட்டா’வுக்கே சட்டசபைத் தேர்தலில் அதிக வாக்கு விழுந்தாலும், அடுத்து நிற்பவரே ஜயித்தவராவார்!

ஆனால், வாக்களித்த மறுநாளே உறங்கிவிடுவது நமது குற்றமன்றோ? ஊராட்சியைக் கேள்வி கேட்கக் கிராமசபை இருக்கிறது. அதுபோல் அங்கத்தினரும் ஆண்டுதோறும் தொகுதி மகாஜனங்கள் முன் நின்று கணக்குரைக்கச் சட்டம் வேண்டும். அது வரும்வரை வாலாஜாபாத் வாசிகள் காத்திருக்க வேண்டாம். கூட்டம் கூட்டி, அவரை அழைத்துக் கேட்கட்டும்.