கத்தரிக்காய்க்குள் ஒரு குடித்தனம்

சந்தையில் பளபளத்த கத்தரிக்காயை ஆசையோடு வாங்கிவந்து, அரிவாள்மணையில் இரண்டாக அரிந்த மாத்திரத்தில், இளஞ்சிவப்பாய் ஒரு புழு நெளியக் கண்டு முகஞ்சுளிக்காத இல்லத்தரசி நம் நாட்டில் அபூர்வம். தண்டு காய்த்துளைப்பான் என்னும் இந்த ஜீவன், வெண்சிறகில் பழுப்புத் திட்டுகள் கொண்ட சிற்றந்துப்பூச்சி இலையிலும் மொட்டிலும் தனித்தனியே இட்டுச்சென்ற முட்டையிலிருந்து வெளிப்பட்டு, இளங்குருத்தைக் குடைந்து தலைசாய வைத்து, காய் பிடித்தபின் அதற்குள்ளும் புகுந்து, நுழைந்த துவாரத்தைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொண்டு, சுகமாகக் குடித்தனம் நடத்துகிறது. உள்ளே போய்விட்ட புழுவை வெளியே தெளிக்கும் விஷமருந்து எப்படித் தீண்டும்? ஆயினும், போட்ட முதலை எண்ணி மனம்பதறும் விவசாயி மேலும் மேலும் தெளிக்க, அந்தப் பூச்சியின் முட்டைகளை அழிக்கவல்ல சிறு குளவிகளும் சேர்ந்தே மாள்வதுதான் பரிதாபம்.

இதற்குச் சிரேஷ்டமான உபாயம், என் அபிப்பிராயத்தில், செலவே இல்லாதது: வாடித் தொங்கும் குருத்தைத் துளைக்குச் சற்றுக் கீழே வாரந்தோறும் கிள்ளியெடுத்து அழித்துவிடுவது. கிள்ளிய தண்டைப் பிளந்தால் புழு உள்ளேயே இருக்கும். சொத்தைக் காய்களை வரப்போரம் வீசும் வழக்கமோ அனர்த்தம். அவற்றிலிருந்து வெளியேறும் புழு சருகுகளுக்கிடையே கூடுகட்டி, சில தினங்களில் பூச்சியாகி மறுபடி வயலுக்கே திரும்பும். பெண்பூச்சியின் வாசனையை ஒத்த ரசாயனத்தை வைத்து, ஹெக்டேருக்கு 12 வீதம் நிறுத்தும் இனக்கவர்ச்சிப் பொறிகளில், மணம் நாடிவந்த ஆண்பூச்சிகள் சிக்கி மடிகின்றன.

புழுவை எதிர்க்கும் மரபணு மாற்றிய கத்தரிக்கு இந்தியா 2010இல் தடைவிதிக்க, அண்டைநாடான வங்கதேசம் 2013இல் அனுமதியளித்தது.